நான்காவது சுவிட்ச்

கௌனஸ் நகரத்தில் செப்டம்பரில் இரண்டு நாள்
பூட்டுகளுக்கு விடுமுறை.
கட்டடத் திருவிழா என்று சுவரொட்டி,
முன்பதிவு செய்தவர்கள் மட்டும் என்று
அடியில் பொடி எழுத்து.

பட்டியலில் என் வீடும் உண்டு.
நான் என்ன செய்தேன், வாடகை கொடுத்ததைத் தவிர?
முப்பத்தேழாம் வருடத்துக் கதவுக் குமிழை
மாற்றக் காசில்லாமல் விட்டுவைத்தேன்.
அதற்குப் பெயர் பாதுகாப்பாம்.
முத்திரையோடு நன்றிக் கடிதம் வந்தது.

காலுக்கு நீல உறை மாட்டிக்கொண்டு
பன்னிரண்டு பன்னிரண்டு பேராக வந்தார்கள்,
வீடெங்கும் சருகு மிதிபடும் சத்தம்.
"இந்த மூலைச் சன்னல்
வெளிச்சத்தை உள்ளே அழைக்கிறது" என்றாள்
வழிகாட்டி யுர்கிதா.
அழைக்கிறது, உண்மைதான்.
ஜனவரியில் காற்றும் கூடவே வரும்.
இடுக்கில் பழைய காலுறைகளைத் திணித்திருப்பேன்,
படத்தில் விழுமே என்று
முந்தின இரவுதான் உருவியெடுத்தேன்.

ஒருவர் கூரையைப் பார்த்தார்.
ஒருவர் தரையைத் தட்டிப் பார்த்தார்.
ஒருவர் அடுப்பில் இருந்த பீட்ரூட் சூப்பைப் பார்த்து
"அந்தக் காலத்து நிறம்" என்றார்.
என்னை யாரும் பார்க்கவில்லை.
மூல வரைபடத்தில் நான் இல்லை.

மூன்றாவது கூட்டத்தில் ஒரு பையன்,
முன்பல் இரண்டும் இல்லை
(பல் செட் செய்வது என் தொழில்,
முதலில் அதுதான் கண்ணில் படும்).
சமையலறைச் சுவரில் வரிசையாய் நான்கு சுவிட்ச்.
இது எதுக்கு? விளக்கு.
இது? சரக்கறை.
இது? நடைவழி.
இது?
ஆறு வருடமாய் இங்கே இருக்கிறேன்.
"அது சும்மா" என்றேன்.
யுர்கிதா கோப்பைப் புரட்டினாள்.
கோப்பிலும் சும்மாதான்.
"சுவிட்ச் எப்படிச் சும்மா இருக்கும்?"
தட்டிவிட்டான்.

ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு கீழே, தெருவில்,
வரிசையில் நின்றவர்களிடமிருந்து ஒரு "ஓ".

வாசல் தூணில் ஒரு கண்ணாடிக் குண்டு உண்டு.
நான் குடிவந்த நாளிலிருந்து அதில் பல்பு இல்லை.
விழாக்காரர்கள் வெள்ளிக்கிழமை ஏணி போட்டுத் துடைத்து
ஒன்று மாட்டியிருந்தார்கள்,
எரிய வேண்டுமென்று அல்ல,
காலியாய்த் தெரியக் கூடாதென்று.

இரண்டாம் மாடி அடுப்படியிலிருந்து
வாசல்வரை ஒரு கம்பி
சுவருக்குள்ளேயே இறங்கிப் போகிறது.
யார் வரத் தாமதமாகுமென்று
யார் கேட்டு
யார் இழுத்த கோடோ.
யுர்கிதா ஒன்றும் சொல்லவில்லை,
கோப்பின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டாள்.
பையன் அதற்குள் குளியலறையில்
சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு மாலை பூட்டுகள் வேலைக்குத் திரும்பின.
எனக்கு மிஞ்சியது ஒரு மூட்டை நீல உறை.
காலுறைகளை மறுபடி இடுக்கில் திணித்தேன்.

மேல்வீட்டு வைதோதஸ் விழாவுக்குக் கதவு திறக்காதவர்.
"இது வீடு, கண்காட்சி அல்ல" என்று தாள் ஒட்டியவர்.
டிராலி பஸ் ஓட்டிவிட்டு நள்ளிரவுக்கு மேல் வந்து
சாவித் துவாரம் தேடி வாசற்கதவைச் சுரண்டுவார்.
ஆறு வருடமாய் அதில் விழித்து
போர்வைக்குள் திட்டியிருக்கிறேன்.

திங்கள் இரவு
நான்காவது சுவிட்சைப் போட்டுவிட்டுப் படுத்தேன்.
சுரண்டல் இல்லை. ஒரே திருப்பு.
என் கதவருகே காலடி கொஞ்சம் நின்றது,
பிறகு ஏறிப் போனது.

காலையில் கதவடியில் ஒரு சீட்டு.
"வாசல் விளக்குக்கு மின்கட்டணம் யார் கணக்கில்?"
கோபக்காரக் கையெழுத்து, இரண்டு அடிக்கோடு.
திருப்பிப் பார்த்தேன்:
"இன்றைக்குப் பன்னிரண்டு நாற்பது ஆகும்."