அரைநாட் கூலி

ஆவணி. மருதடிக்குளம் வற்றி
நடுவில் ஓர் எருமை படுக்கும் அளவுக்குத்தான் தண்ணீர்.
குளத்தைத் தோண்டிக் கட்டை உயர்த்தும் வேலை.
பெக்கோ அள்ளிப் போடுவதில்
வேரும் கல்லும் பொறுக்குவது நாங்கள்,
கிரானில் இருந்து பதினொரு பெண்கள்.
நாளுக்கு இரண்டாயிரத்து இருநூறு.

பத்து மணித் தேத்தண்ணிக்குக் கொஞ்சம் முன்
ஆதம்பாவா பெக்கோவை நிறுத்தினான்.
"அல்லாவே, இது வேரில்லகா."

வாளியின் பல்லில் தொங்கியது
உரப்பையும் சேறும் ஒன்றாய் இறுகிய பொதி.
கிழிந்த பக்கத்தால் குழல்கள் தெரிந்தன,
கரும்புக்கட்டின் நுனிபோல.
அதோடு வந்து விழுந்த ஒரு பனையான்
சேற்றில் துடித்தது.
அதைத்தான் முதலில் எல்லோரும் பார்த்தோம்.

மறுகா பொலிஸ் வந்தது. மறுகா அதிரடிப்படை.
மஞ்சள் நாடா மருதமரத்தில் இருந்து
ஆதம்பாவாவின் மோட்டார்சைக்கிள் வரைக்கும்.
படங்கை விரித்து ஒவ்வொன்றாய் அடுக்கினார்கள்,
சந்தையில் மீன் வைப்பதுபோல்
தலையெல்லாம் ஒரு பக்கமாய்.
இரும்பு செதில் செதிலாய் உரிந்தது.
மரப்பிடிகள் ஊறிய புட்டு மாதிரி
தொட்ட இடத்தில் உதிர்ந்தன.
"யானை வெருட்டவும் உதவாது" என்றார்
வட்டைவிதானை மேகவர்ணம்.
சிரிக்கலாமா என்று பார்த்துவிட்டுச் சிலர் சிரித்தார்கள்.

நான் இடமிருந்து நாலாவதைப் பார்த்தேன்.

அதில் மரம் இல்லை இப்போது.
மரத்தைச் சுற்றியிருந்த சைக்கிள் டியூப் மட்டும்
உள்ளே ஒன்றுமில்லாமல்
சுற்றிய சுற்றிலேயே நிற்கிறது.
டியூபில் ஒரு ஒட்டு.
அப்பா ஒட்டியது.

டியூசனுக்குப் போன சைக்கிளோடுதான்
என்னை ஏற்றிக்கொண்டு போனவர்கள்.
பிடி வெடித்திருக்கு என்று காட்டினேன்.
"நீயே கட்டு" என்றார்கள்.
முகாமின் பின்பக்கம் என் சைக்கிளின் சில்லு
கழன்று கிடந்தது.
வெட்டிக் கட்டினேன்.
ஒட்டு வெளிப்பக்கம் வரட்டும் என்று
பார்த்துப் பார்த்துச் சுற்றினேன்.
பதினாலு வயது.

சித்திரை வருசத்துக்கு முந்தின கிழமை
"வீட்ட போங்க" என்றார்கள்.
அவ்வளவுதான் சொன்னது.
யாரோடு யாருக்குச் சண்டை என்று
எங்களுக்குச் சரியாக விளங்கவில்லை.
உரப்பை கொண்டுவந்தது நான்.
கிரீஸ் பூச வேண்டும் என்று சொன்னது சத்தியவாணி.
திரும்பி வருவோம் என்று நினைத்தவள்
அவள் ஒருத்திதான்.
கிரீஸ் இருக்கவில்லை.
குசினியில் இருந்த தேங்காயெண்ணெயைப் பூசினோம்,
குழலுக்கு, விசைக்கு, மரத்துக்கு.
மிச்சத்தைக் கத்தரித்த தலைகளில் தேய்த்துக்கொண்டு
ஆற்றைக் கடந்து வீடு போனோம்.

"ஏழு" என்று எழுதினான் பொலிஸ்காரன்.
ஏழு சரி.
சத்தியவாணி எல்லாருடையதுக்கும் எண்ணெய் பூசிவிட்டு
தன்னுடையதைப் பையில் வைக்கவில்லை.
தோளில் போட்டாள்.
போத்தலையும் எடுத்துக்கொண்டு
வடக்குப் பக்கம் நடந்தாள்.

தமிழ் தெரிந்த பொலிஸ்காரன் எங்கள் பக்கம் திரும்பினான்.
"இதப்பத்தி ஆருக்கும் தெரியுமா?"
பதினொரு பேரும் இல்லை என்று தலையாட்டினோம்.
அதில் ஒரு தலை
என்னைப் பார்க்காமல் ஆட்டியது.
இரண்டு வருடமாய் அவளும் நானும் ஒரே வேலை.
மண்வெட்டியை ஏன் தோளில் அப்படிச் சாய்க்கிறாள் என்று
நான் கேட்டதில்லை.
என்னிடம் அவளும் ஒன்றும் கேட்டதில்லை.

மூன்று மணிக்கு ஜீப் போனது.
படங்கு கிடந்த இடத்தில்
துருப்பிடித்த நிறத்தில் ஏழு கோடுகள்.
ஆதம்பாவா அதன்மேல் ஒரு வாளி மண்ணைக் கொட்டினான்.

கொந்தராத்துக்காரன் கொப்பியைத் திறந்து
அரைநாள் என்று போட்டான்.
"பொலிஸ் வந்ததுக்கு நாங்களா பொறுப்பு?
அதுகளை நாங்களா தாட்டுவெச்ச?"
எல்லோரையும்விட உரத்துக் கத்தியது நான்தான்.

இருநூறு கூட்டித் தந்தான்.