இருபதாம் வளைவிலிருந்து

வெள்ளச்சிக்குப் போன வருசமும் கொட்டியது.
இதே காப்பித் தோட்டம், பூமழை முடிந்த இதே வாரம்.
சுண்ணாம்பு தடவிக்கொண்டு
மதியத்துக்கே வேலைக்குத் திரும்பிவிட்டாள்.
"அப்ப ஒண்ணும் ஆகலையே" என்கிறாள்
உதடு தடித்து, பாதிச் சொல் நசுங்க.

ஆகாமல் இல்லை, அக்கா.
அப்போதே உன் உடம்பு
கவட்டைக் குச்சி வெட்டத் தொடங்கிவிட்டது.
ஒரு காம்பு, தேனீ விஷத்தின் அளவுக்குச் சீவிய
இரண்டு கிளை.
தோலடியில் காத்திருக்கும் மாஸ்ட் செல்களின் மேல்
ஏற்பி பார்த்து ஏற்பி பார்த்து
காம்பை ஊன்றியது.
நீ மிளகு பறித்தாய், மகளுக்குக் காது குத்தினாய்,
சேர்வராயன் திருவிழாவில் பொரி வாங்கினாய்.
உதிர்ந்தவற்றுக்குப் புதிது நட்டபடி
குச்சிகள் நின்றுகொண்டே இருந்தன.

இருபதாம் வளைவு. தீர்த்தகிரி அண்ணன் ஹாரனை விடாமல் அழுத்துகிறார்.
கழுத்தில் நின்ற கொடுக்கை
என் அடையாள அட்டையின் விளிம்பால் சுரண்டி எடுத்திருந்தேன்.
ஏற்றும்போதே ஓர் ஊசியும் போட்டாயிற்று.
பிரஷர் எண்பதைத் தொடவில்லை.

கல்லூரியில் பூட்டும் சாவியும் என்று படம் போட்டார்கள்.
நம்பினேன், மதிப்பெண்ணும் வாங்கினேன்.
சாவி வைத்திருப்பவன் உள்ளே போவான் அல்லவா?
இங்கே வந்தவன் வாசல் தாண்டுவதே இல்லை.
ஒற்றைக் கவட்டையைத் தொட்டால் ஒன்றும் நடக்காது.
அடுத்தடுத்து நிற்கும் இரண்டை
ஒரே பிடியில் இழுத்துச் சேர்க்க வேண்டும்.
சேர்ந்தால்
சவ்வுக்கு அந்தப் பக்கம் யாரோ யாரையோ தட்டுகிறார்கள்,
அவர் அடுத்தவரை.
ஆள் வெளியே. சேதி மட்டும் உள்ளே
பாஸ்பேட் ஒட்டி, பாஸ்பேட் ஒட்டி.
பிறகு மூட்டைகள் அவிழ்கின்றன.
ரத்தக்குழாய் கசிகிறது, மூச்சுக்குழாய் இறுகுகிறது,
ஒரு சொட்டு விஷத்துக்காக
ஊரையே கொளுத்துகிறது காவல்.

பதினான்கு.
"இன்னொண்ணு போடும்மா" என்கிறார் போனில் டாக்டர்.
வளைவில் சாய்ந்தபடி, சேலைக்கு மேலாகவே, தொடையில்.
அட்ரினலினும் உள்ளே போகாது.
வேறு வாசல், வேறு ஏற்பி,
வெளியே நின்று தட்டுகிற அதே பிழைப்பு.
உள்ளே இருப்பவர்கள் கேட்க வேண்டும்.
நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பதினொன்று. தடுப்புச் சுவரில் குரங்குகள்.
ஒன்பதை நான் பார்க்கவில்லை.

ஏழில் அவள் நெஞ்சின் விசில் ஒரு சுருதி இறங்கியது.
அண்ணனும் கேட்டிருப்பார் போல,
ஹாரனிலிருந்து கையை எடுத்தார்.

அடிவாரம் தாண்டி கோரிமேட்டில் ஒரு லாரி வழிவிட்டது.
மாஸ்க்கை விலக்கி வெள்ளச்சி ஏதோ சொன்னாள்.
குனிந்தேன். கொண்டையில் நசுங்கிய காப்பிப் பூ வாசம்.
"அரை நாள் கூலியாச்சும் போடுவாங்களா?"

மாஸ்க்கைத் திரும்பப் பொருத்தினேன்.
குச்சிகளில் பாதி இன்னும் நின்றுகொண்டிருக்கும்.
அதை அவளிடம் எப்போது சொல்வது என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.