ஏழாம் கட்டத்து நாலு பேர்

டி, எஃப், ஏ ஃபிளாட், சி.
இந்த நாலு சுரத்துக்குத்தான்
மூன்று ஞாயிறாகச் சண்டை.

கணபதியில்
மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே என் அறை.
கடலுக்கு அந்தப் பக்கம் எவரோ
ஓடாமல் போன ஒரு நாடகத்துக்கு எழுதிய மெட்டு,
முப்பத்திரண்டு கட்டம்,
ஏழாவதில் மட்டும் கால் இடறுகிறது.
பாஸ் வாசித்தவன் ரெக்கார்டின் தூசிக்குள் புதைந்துவிட்டான்.
ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்
அங்கே மழைதான் பெய்கிறது.

எஃப் மைனர், ஆறாவது சேர்ந்தது என்கிறான் தயாபரன்.
சர்ச் ஆர்கனில் வளர்ந்த விரல்.
ஆமென் சொல்லப்போகும் நேரத்தில்
நாலாவது கார்டு முகம் வாடினால்
அவன் கண்ணை மூடிக்கொள்வான்.

இல்லை, டி. ஹாஃப் டிமினிஷ்ட்.
பவுண்டரிக்குப் படம் வரைகிறவள் நான்;
எனக்கு எதுவும் அடுத்த வேலைக்கான துளை.
டி என்றால் பின்னால் ஜி,
ஜி என்றால் சி, வீடு.
அழுவதற்கு அங்கே இடம் விடவில்லை.

வாடகைக்கு வந்த வெள்ளியங்கிரி
படியிலேயே நின்று கேட்டார்:
"கார்டு கார்டுங்கறீங்களே அம்மிணி,
ரேசன் கார்டுங்களா?"
சொன்னோம். அதே நாலு பேர்,
குடும்பத் தலைவர் யாரென்றுதான் தகராறு.
"அரிசி அதே இருவது கிலோ தானுங்களே?"
பணத்தை எண்ணிக்கொண்டே இறங்கிப் போனார்.

தயாபரனுக்குக் கோபம்.
நாலையும் சேர்த்து அழுத்திப் பிடித்தான்,
கேள், கேள் என்று.

அப்போதுதான் கீழே
கட்டி முடித்த மோட்டாரை ஓட்டிப் பார்த்தார்கள்.

தரை வழியே வந்தது.
கொஞ்சம் சுருதி ஏறிய ஜி.

எஃப்பும் இல்லை, டியும் இல்லை.
கேட்காமல் வந்து அடியில் உட்கார்ந்தது,
மேலே இருந்த நாலு பேருக்கும் உறவுமுறை மாறியது.
டி வெறும் ஐந்தாவது, சாதுவான ஆள்.
எஃப் ஏழாவது.
ஏ ஃபிளாட், சோற்றில் கடிபட்ட கல்.
சி மட்டும்
வீட்டுச் சாவியோடு வாசலில் நிற்கிறது,
வீடு இன்னும் வந்து சேரவில்லை.

நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
மேசையில் தம்ளர் அதிர்ந்தது.

பிறகு எவரோ பிளக்கைப் பிடுங்கினார்கள்.
அவன் விரல் எடுக்கவில்லை.
நாலும் அந்தரத்தில்,
மறுபடி யாருடையதும் இல்லாமல்.

எட்டாவதுக்குப் போனோம். சி.
இருவருக்கும் சம்மதம்.
சம்மதம் என்பதால்
அங்கே இருக்கப் பிடிக்கவில்லை.

நோட்டில் ஏழாம் கட்டத்துக்கு மேலே
பென்சிலில் எழுதி, அழித்து, எழுதிய இடம்
தாள் மெலிந்து
பின்பக்கத்துப் பால் கணக்கு தெரிகிறது.

"இன்னொரு மோட்டார் இருக்குதான்னு கேளு"
என்கிறான் தயாபரன்.