பகல் ஷிப்ட்

ரொட்டிக் கத்தியால் வகிர்ந்து கொடுத்தாள் நோசிஃபோ,
ஒரு கொத்து, வேரோடு,
கருவாடு போல் செய்தித்தாளில் சுற்றி.
"கசானியா. ரொம்பக் கவனிக்காதே.
கவனித்தால் செத்துப்போகும்."

அணையில் சேறு தெரிந்த வருஷம்.
ஆளுக்கு ஐம்பது லிட்டர் என்று
கெபெர்ஹா முழுக்கச் சீட்டு ஒட்டியிருந்தார்கள்.
மலபாரில் எங்கள் வீட்டுப் புல்தரை
முதலில் பழுத்தது,
பிறகு தேங்காய் நாரானது,
பிறகு இந்த ஊர்க் காற்றில் கிளம்பி
எதிர்வீட்டுப் படையாச்சியின் கார் கண்ணாடிக்குள்
போய்ச் சேர்ந்தது.

புல் இருந்த இடத்தில் ஒரு சாண் தோண்டினேன்.
ஓட்டுச் சில்லு, சிமெண்ட் கட்டி,
கொத்தனார் விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.
எரு?
"கொடுத்தால் சோம்பேறியாகும்.
இலையாய்க் கொழுக்கும், பூக்காது."
மணல் மட்டும் இரண்டு பக்கெட் கலந்தேன்.

முதல் கொத்தைக் கொன்றது நான்தான்.
குளித்த நீரைத் தினம் ஊற்றினேன்.
என் பங்கில் பாதி அது, என் முதுகின் வெந்நீர்.
மூன்றாம் வாரம் தொட்டேன்.
கழுத்து அழுகிக் கையோடு வந்தது.
நோசிஃபோ ஒன்றும் சொல்லவில்லை.
ரொட்டிக் கத்தியை எடுத்துவரத் திரும்பினாள்.

இரண்டாவதற்குப் பத்து நாளுக்கு ஒரு தம்ளர்.
வெயில் கூடினால் இலை தன்னைச் சுருட்டி
வெள்ளை அடிவயிற்றைக் காட்டும்.
அது தாகமில்லை, தந்திரம் என்று
தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கோடை ஆனது.

பூத்தது என்று சொன்னார்கள்.
தபால்காரர் சொன்னார். படையாச்சி சொன்னார்.
ஆரஞ்சு, நடுவில் கறுப்பு வளையம்,
வளையத்துக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு,
என்றாள் என் மகள் திவாஷ்னி.
நான் பார்க்கவில்லை.

கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் எனக்கு ராத்திரி ஷிப்ட்.
ஆறரைக்கு வந்து இறங்கும்போது
எல்லாம் மடக்கிய குடைகள்.
கறுப்புத் திரை இழுத்துத் தூங்கி
ஐந்துக்கு எழுந்தால் மறுபடி குடைகள்.
ஞாயிறு ஓவர்டைம். வீட்டுக்கடன் ஞாயிறு பார்க்காது.
மகள் போட்டோ காட்ட வந்தாள்.
வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்
கொஞ்சம் கோபமாக.

வேலைக்குக் கிளம்பும் முன் டார்ச் வைத்துக்கொண்டு
வாடியதைக் கிள்ளுவேன்.
கிள்ளாவிட்டால் விதைக்கப் போய்விடும், பூவை மறந்து.
இருட்டில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.
விரல்தான் சொல்லும்:
மொட்டு கெட்டி.
மூடிய பூ மெத்து.
முடிந்தது நுனியில் பிசுபிசுக்கும்.
வயரிலும் அப்படித்தான்,
கலர் பார்க்க நேரமில்லை, தடிமன் போதும்.

ஜூலையில் பாகம் ஏற்றிவந்த கப்பல் தாமதம்.
மூன்று நாள் லைன் நிறுத்தம், பாதிச் சம்பளம்.
எனக்குள் ஏதோ துள்ளியது,
வெளியே சொல்லவில்லை.
ராத்திரியில் தூங்கினேன், மனிதரைப் போல.
பத்து மணிக்குப் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு
செடி முன்னால் உட்கார்ந்தேன்,
டீயோடு, தலை வாரி.

மேகம்.
பதினொன்றுக்குத் தூறல்.
பன்னிரண்டுக்குத் தெருவே வெளியே நின்றது,
அண்டா, குண்டான், குழந்தைத் தொட்டி,
படையாச்சி வேட்டியோடு நனைந்து ஆடினார்.
இரண்டு வருஷம் கேட்ட மழை
என்னுடைய மூன்று நாளையும் எடுத்துக்கொண்டது.
வெயில் இல்லாமல் கசானியா
ஒரு இதழைக்கூட அசைக்காது.

மூன்றாம் நாள் தண்ணீர் தேங்கியது.
முதல் கொத்தின் கழுத்து ஞாபகம் வந்தது.
குடையை எடுத்துப்போய்ச்
செடிக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
ஆடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.
நோசிஃபோ மட்டும் மண்வெட்டியோடு வந்து
ஒரு கால்வாய் கீறிவிட்டுப் போனாள்.

வியாழன் மீண்டும் ஷிப்ட்.
வானம் கழுவி வைத்தது போல் நட்சத்திரம்.
டாக்ஸி ஹாரன் அடிக்கிறது.
டார்ச்சை அணைத்துவிட்டே எண்ணுகிறேன்:
நான்கு கெட்டி,
பிசுபிசுப்பு இரண்டு, கிள்ளியாயிற்று,
ஒன்பது மெத்து.