பதினாறு வாரம்

கழற்றிப்போட்ட லாரி டயருக்குள் கிடந்தது.
ஐம்பது நாள் இருக்கும் என்றார் டாக்டர் ஸ்டெல்லா.
பேர் என்ன?
மகள் அன்று காலை பொறுக்கி விளையாடியதை நினைத்து
'நட்டு' என்றாள்.
அட்டையில் அப்படியே எழுதிக்கொண்டார்.

ஊசி போட்ட கையோடு சொன்னார்:
பதினாறு வாரம்வரை ஒரு கதவு திறந்திருக்கும்.
அதற்குள் உலகத்தைக்
கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுங்கள்.
அப்புறம் வருகிறவர்கள் எல்லாம்
அதற்குத் திருடர்கள்தான்.

உலகம் என்றால் எனக்கு
சீலநாயக்கன்பட்டி பைபாஸ்.
அடுத்த ஊசிவரை தரையில் விடக்கூடாது என்பதால்
ரெக்சின் பையில் தலை மட்டும் வெளியே தெரிய
கடைக்கு வந்தது நட்டு.
முதல் நாள் கம்ப்ரஸருக்கு இருபதடி தள்ளி,
வாயில் ஒரு விள்ளல் இட்லி.
மறுநாள் பதினைந்தடி.
ஆறாம் நாள், நாமக்கல் லாரி ஒன்று ஹாரனோடு வந்து நிற்க,
பாதிக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத்
தூக்கத்தைத் தொடர்ந்தது.

ஹெல்மெட் போட்டவர், தாடிக்காரர்,
குடையை விரித்தபடி வரும் மும்தாஜ் டீச்சர்,
ஊன்றுகோலோடு சீட்டுப் பணம் வாங்க வரும் அர்த்தநாரி,
மல்கோவா வண்டிக்காரரின் தராசு,
யாரும் கூப்பிடாமலே வரும் குப்பை வண்டிப் பாட்டு.
ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்து
'நீங்களே குடுங்க' என்பேன்.
பத்து வருடம் பஞ்சர் ஒட்டியும்
பேர் கேட்காதவர்களிடம்
இப்போது பேர் கேட்டேன்.

வீட்டில்தான் குழப்பம்.
நான் 'உட்காரு' என்பேன்.
கோகிலா, அவள் வீட்டுத் தெலுங்கில், 'கூச்சோ'.
மகளுக்குப் பள்ளிக்கூடத்து 'சிட்'.
எதிர்வீட்டுப் பையன் 'குந்துடா'.
நட்டு நாலு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு
நின்ற இடத்தில் மூத்திரம் பெய்தது.
ஏதாவது ஒரு சொல் போதும் என்றார் டாக்டர்.
ஓட்டெடுப்பு நடந்தது.
வீட்டில் யாருமே சொல்லாத
'குந்து' ஜெயித்தது.

கோகிலாவின் செருப்பு போனது. பொறுத்தேன்.
ரசீதுப் புத்தகம் போனது.
பேப்பரைச் சுருட்டிக் கையை ஓங்கினேன்.
நட்டு வாலாட்டியது.
அதற்கு அது இன்னும் என்னவென்று தெரியாது.

கண்ணை இறுக்கி மூடியது
மகள்.

அவளை நான் அடித்ததே இல்லை.
ஒருமுறை. கணக்கு நோட்டுக்காக.
கல்யாண மண்டபத்தில் ஒருமுறை.
எண்ணத் தொடங்கியவன் அங்கேயே நிறுத்தினேன்.

அவளுடைய பதினாறாவது வாரத்தில்
நான் எங்கே இருந்தேன்?
ஏதோ ஒரு லாரியின் சக்கரத்துக்குள்
தலையை விட்டுக்கொண்டு.

பேப்பரை விரித்து
அது பெய்யும் மூலையில் போட்டேன்.

ஆடியில் குகையில் வண்டி வேடிக்கை.
கூட்டத்துக்குள் கொண்டுபோகாதீர்கள்,
சந்து முனையில் நில்லுங்கள்,
இழுக்காதீர்கள், தூக்காதீர்கள்,
அதுவாகப் பார்க்கட்டும் என்று சொல்லியிருந்தார் டாக்டர்.
மேளம் நெருங்கியது.
நீலம் பூசிய சிவன் ஒருவர்
ஜெனரேட்டர் வெளிச்சத்தில்,
கழுத்தில் ரப்பர் பாம்போடு,
வண்டிமேல் அசையாமல் வந்தார்.
நட்டு நடுங்கியது. பின்னங்கால்கள் மட்டும்.

மகள் ரோட்டிலேயே பாவாடை அழுக்காக உட்கார்ந்து
மெதுவாக,
காதோடு சொல்கிற மாதிரி,
'குந்து' என்றாள்.

குந்தியது.
கடவுளைப் பார்த்தது. கொட்டாவி விட்டது.
என்னை யாரும் சொல்லவில்லை,
நானும் பக்கத்தில் குந்தினேன்.

அவள் கூந்தலில் ஒரு கொசு.
விரட்டக் கையைத் தூக்கினேன்.
கண்ணை மூடப்போனாள்.
பாதிதான் மூடினாள்.

அடுத்த வண்டி வர நேரமிருந்தது.
பையில் இன்னும்
நாலு துண்டு பிஸ்கட் இருந்தது.