அரிக்காத இடம்

தங்கச்சிமடத்தில் பதினாலு வருசமாய் மருந்துக்கடை.
அதிகம் விற்றது காய்ச்சல் மாத்திரை அல்ல,
ஒரு பச்சை டியூப்.
மூன்று மருந்தைப் பிசைந்து ஒன்றாய் அடைத்தது.
சீட்டுக் கேட்க மாட்டேன்.
அவர்களும் பெயர் சொல்ல மாட்டார்கள்.
சுண்டுவிரலை நீட்டி, இம்புட்டு நீளம், பச்சை என்பார்கள்.
எடுத்துக் கொடுப்பேன்.

பாசி எடுக்கிற பெண்கள்தான் பாதிப்பேர்.
விடிய இறங்கினால் வெயில் உச்சிக்கு வந்தபின் கரை.
சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை,
விரலுக்கு விரல் துணிச்சுற்று,
இடுப்பில் கட்டிய பைக்கயிறு.
கயிறு அழுத்திய இடத்தில்
உப்புத்தண்ணி காய்வதே இல்லை.
படர்தாமரை அங்கேதான் முதல் வட்டம் போடும்.

டியூப் தடவினால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கும்.
அண்ணனுக்குக் கைராசி என்பார்கள்.
பத்தாம் நாள்
வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டம்.
திரும்ப வருவார்கள்.
வாடிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசியில் இன்னாசியம்மா
சீட்டோடு வந்தாள்.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி, தோல் பிரிவு.
"பிளேடால செதிலச் சுரண்டி
கண்ணாடியில வச்சு சொட்டு மருந்து விட்டு
குழாய்ல கண்ண வைக்கச் சொன்னாங்கண்ணே.
கொப்பும் கெளையுமா ஓடுது.
எனக்குத் தெரியாத பாசியா?
இது என்ன பாசி, கிலோ என்ன வெலைன்னு கேட்டேன்."
டாக்டரம்மா சிரித்துவிட்டுச் சொன்னாராம்:
பாசி இல்லம்மா, பூஞ்சை.
ஒங்க ஊரு கடைக்காரர் ஒரம் போட்டு வளத்தது.

சீட்டில் ஆறு வாரத்துக்கு மாத்திரை.
வட்டத்தைத் தாண்டி இரண்டு விரல் தள்ளிப் பூச ஒரு களிம்பு.
மறைந்தபிறகும் இரண்டு வாரம் விடக்கூடாது.
ஆளுக்கொரு துண்டு.
வீட்டில் யாருக்கு இருந்தாலும் சேர்த்து வைத்தியம்.
கரையேறியதும் ஈரத்துணியை மாற்ற வேண்டும்.
"எங்க போயி மாத்த, படகு மறைவுலயா?" என்றாள்.
என்னிடம் பதில் இல்லை.
தொடைத்தோல் மெலிந்து வரிவரியாய் விட்டதாம்,
அது இனி போகாதாம்.
அதைச் சொல்லும்போது பாக்கிச் சில்லறையைத்தான்
எண்ணிக்கொண்டிருந்தாள்.

எண்ணி முடித்து நிமிர்ந்தவள்
என் முழங்கைக்குக் கீழே பார்த்தாள்.
"இது என்னண்ணே, வெளிறிக் கெடக்கு?"
தேமல் என்றேன்.
"அரிக்குதா?"
இல்லை.
"அரிக்காததத்தான் மொதல்ல காட்டணுமாம்.
அங்கன செவுத்துல எழுதிப் போட்டிருக்கு."

அன்று ராத்திரி ஷட்டரை இறக்கியபின்
ரீபில் முனையால் தொட்டுப் பார்த்தேன்.
வலது கையில் குத்தியது.
இடது கையில், அந்த ஐந்து ரூபாய் வட்டத்துக்குள்,
மை மட்டும் இருந்தது.
ஒரு வருசமாய் அதற்கும் பச்சை டியூப்தான் தடவியிருந்தேன்,
அடக்கவிலைக்கு.

பாம்பன் பாலத்தில் பஸ் போகும்போது
முழுக்கைச் சட்டையைப் பொத்தானிட்டுக்கொண்டேன்.
டாக்டரம்மா அவிழ்க்கச் சொன்னார்.
"கண்ண மூடிக்குங்க. பஞ்சு படுற எடத்த
விரலால தொட்டுக் காட்டுங்க."
தோள். காட்டினேன்.
மணிக்கட்டு. காட்டினேன்.
அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.
பக்கத்து அறையில் ஒரு குழந்தை அழுதது,
யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள்.
எப்பம்மா ஆரம்பிப்பீங்க என்று கேட்டேன்.
"நாலு தடவ தொட்டுட்டேன்" என்றார்.

முழங்கை எலும்போரம் நரம்பை உருட்டிப் பார்த்து
வியாதியின் பேரைச் சொன்னார்,
சளி என்று சொல்வதுபோல.
முதல் வேளை மாத்திரையை அவர் முன்னாலேயே விழுங்கினேன்.
சிறுநீர் சிவப்பாய்ப் போகும், பயப்பட வேண்டாம்.
ஆறு மாசம், ஒரு நாளும் தவறாமல்.
வீட்டு ஆட்களையும் கூட்டி வாங்க.

அட்டையைத் திருப்பித் திருப்பித் தேடினேன், பழக்கம்.
விலை போட்டிருக்கவில்லை.
இந்த மருந்து என் கடையில் இருந்ததே இல்லை.

இன்று காலையும் ஒருத்தி
சுண்டுவிரலை நீட்டினாள்.
பச்சை இல்லம்மா என்றேன்.
ராமநாதபுரத்துக்குப் பஸ் டிக்கெட் எவ்வளவு என்று கேட்டாள்.
சொன்னேன்.
கணக்குப் போட்டபடி நின்றவள்
அடுத்த கடைக்கு நடந்தாள்.