மூன்று நாள் யாஸ்னா

காற்று மிஞ்சும் நாளில்
நடப்பவர் பிடித்துக்கொள்ளத் தெருமுனையில் கயிறு கட்டும் ஊர்
புந்தா அரேனாஸ்.
அன்று காலை காற்று சாதுவாகத்தான் இருந்தது.
அதன் மேல் பழி போட வழியில்லை.
நானாகத்தான் விழுந்தேன்,
அதுவும் உட்கார்ந்த இடத்தில்.

மார்ச் மாதம், ஒன்பதாம் வகுப்பு, புதுப் பள்ளி.
காதை மூடிய கம்பளித் தொப்பியைக் கழற்றினால்
அம்மா கோணலாக வெட்டிவிட்ட முன்முடி தெரிந்துவிடும்.
கழற்றவில்லை.
ஒயார்ஸோ சார் பதிவேட்டைத் திறந்தார்.
பாதி எழுத்தை அவர் மீசை தின்றுவிடும்.
"பாரி..." என்றது மீசை.
மீதி வரும்வரை பொறுக்காமல்
"உள்ளேன் ஐயா" என்றேன்,
அவசரக்குடுக்கை.

அவர் அழைத்தது பாரியா, யாஸ்னா.
நான் பாரியென்தோஸ், யெர்கா.
அடுத்த வரி.
அடுத்த வரியை அவர் தெளிவாகத்தான் படித்தார்,
இரண்டு தரம்.
யார் அந்த யெர்கா என்று
முப்பத்தெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.
நானும் திரும்பிப் பார்த்தேன்.

கையைத் தூக்கியிருந்தால் முடிந்திருக்கும்.
முதல் நிமிடத்தில் அது வெறும் தவறு.
மணி அடிப்பதற்குள்
என் பெயராகிவிட்டது.

செவ்வாயன்று உணவுக்கூடத்தில்
"யாஸ்னா, அந்த உப்பைத் தள்ளு" என்றாள் மீலென்கா.
தள்ளினேன்.
யாஸ்னாவுக்கு அண்ணன் தம்பி உண்டா என்று கேட்டாள்.
ஒரு தம்பி என்றேன்,
எனக்கு இல்லாத தம்பியை
அவளுக்காவது இருக்கட்டும் என்று.

புதன், கணக்குத் தேர்வு.
தாளின் தலையில் பெயர் எழுத வேண்டும்.
கை நடுங்கியிருக்க வேண்டும், நடுங்கவில்லை,
இன்றுவரை எனக்கு அதுதான் வியப்பு.
ஏழுக்கு ஆறரை.
கணக்கில் அதற்கு முன்பும் பின்பும்
அவ்வளவு உயரம் நான் ஏறியதில்லை.

இதற்கிடையில் பள்ளி அலுவலகம் தன் கடமையைச் செய்தது.
மீன் ஆலைக்குத் தொலைபேசி:
"உங்கள் மகள் மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை."

வியாழன், வேதியியல்.
அமிலம் என்றால் என்ன என்று கரும்பலகை கேட்டுக்கொண்டிருந்தது.
கதவு திறந்தது.
ரப்பர் பூட்ஸ், வெள்ளை ஏப்ரன், சால்மன் வாடை,
அவற்றுக்கு நடுவே அம்மா.
"யெர்கா எலியானா!"
கோபம் வந்தால் அவளுக்கு
என் நடுப்பெயரும் சேர்ந்து வரும்.
அவள் விரல் போன திசையில்
வகுப்பே வந்து என் முகத்தில் நின்றது.
மீலென்கா மட்டும் எழுந்து,
பாவம், நல்ல மனசோடு சொன்னாள்:
"மன்னிக்கணும், இவள் யாஸ்னா."

மானம் கப்பலேறியது என்பார்கள்.
எங்கள் ஊரில் கப்பலுக்குக் குறைவில்லை.
சன்னலுக்கு வெளியே நீரிணையில்
சிவப்பு வயிற்றோடு ஒன்று தெற்கே போய்க்கொண்டிருந்தது.
என்னுடையது அதில்தான் ஏறியிருக்க வேண்டும்.
திரும்பிவர நவம்பர் ஆனது.

வெள்ளியன்று வந்தாள் யாஸ்னா.
அக்கரையில், போர்வெனீரில்,
அலைக்குப் பயந்து படகு ஓடாமல்
நான்கு நாள் மாட்டிக்கொண்டவள்.
உயரம் அதிகம், பை இரண்டு, பேச்சு குறைவு.
அகரவரிசை அவளை என் பக்கத்தில் உட்காரவைத்தது.
யாரோ அதற்குள் சொல்லியிருந்தார்கள்.
புத்தகத்தை மேசைமேல் நிறுத்தி
அதன் பின்னாலிருந்து கேட்டாள்:
"நான் எப்படி இருந்தேன்?"

"தம்பி ஒருத்தன் இருக்கிறான்" என்றேன்.
"கணக்கில் ஆறரை."

கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"தம்பியை நீயே வைத்துக்கொள்.
ஆறரையைத் தரமாட்டேன்."

தரவும் இல்லை.
ஒயார்ஸோ சார் மீசையைத் தடவியபடி
எனக்கு மட்டும் மறுதேர்வு வைத்தார்.
காலி வகுப்பு, நான், சுவர்க்கடிகாரம்.
நான்கு புள்ளி இரண்டு,
சொந்தப் பெயரில்.